செடியும் மீனும் சேர்ந்த தொட்டி: போர் தண்ணீரில், சென்னை வெயிலில்

முதல் தொட்டியை வாங்கிய ஞாயிற்றுக்கிழமையே மீனும் வாங்கி வந்தேன். பன்னிரண்டு மீன்கள். எட்டாவது நாள் காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. தண்ணீர் பளிங்குபோலத் தெளிவாக இருந்தது, அதனால் எனக்குக் காரணமே பிடிபடவில்லை. மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை என்பதும், அவை விட்ட கழிவிலிருந்து வந்த அமோனியாதான் அவற்றைக் கொன்றது என்பதும் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. “தொட்டியை வை, செடியை நடு, ஒரு மாதம் பொறு, அப்புறம் மீன் வாங்கு” என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவை பிழைத்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் தண்ணீர், பிறகு மண், பிறகு செடி, கடைசியில் மீன். இரண்டடித் தொட்டி, கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் கிடையாது, வீட்டுக்கு வருவது போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்று நீர்), ஏ.சி. இல்லாத கூடம். சென்னையில் பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான். உங்கள் ஊர் வேறு என்றால் தண்ணீரைப் பற்றிய பகுதியை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிப் படியுங்கள்.

தொட்டி வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

எல்லோரும் தொட்டியில் தொடங்குகிறார்கள். நான் தண்ணீரில் தொடங்கச் சொல்வேன். எந்தச் செடி வளரும், எந்த மீன் தங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அது மென்மையாக இருக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவதால் கடினமாக இருக்கும். சென்னையின் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும், கடற்கரைப் பக்கம் போனால் உப்பும் சேரும்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரும், அது அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். சோதனைத் திரவமும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுமே மலிவுதான். எங்கள் வீட்டு போர் தண்ணீர் டி.டி.எஸ். 900-ஐ ஒட்டி இருக்கிறது, பி.எச். 8. அப்படியே ஊற்றினால் பல செடிகள் திணறும். ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். 40. ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்.ஓ. என்று கலந்தால் 330-க்குப் பக்கத்தில் வருகிறது. நான் வைத்திருக்கும் எல்லாச் செடிக்கும் மீனுக்கும் இது போதும். உங்கள் போர் தண்ணீர் 400-க்குள் இருந்தால் கலக்கவே வேண்டாம். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும் தொட்டி வைக்காதீர்கள். அதில் கால்சியம், மெக்னீசியம் கிட்டத்தட்ட இல்லை. பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் சத்தும் இல்லை, அதனால் அது எப்போது வேண்டுமானாலும் சரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடித் தண்ணீரைப் பிடித்து வைப்பது எனக்குப் பிடித்த வேலை. முதல் இரண்டு மழை மாடியைக் கழுவிப் போகட்டும், அதற்குப் பிறகு வருவதை மூடி போட்ட டிரம்மில் சேர்த்தால் ஆர்.ஓ.வுக்குப் பதிலாகக் கலந்துகொள்ளலாம்.

மெட்ரோ தண்ணீர் வரும் வீடுகளில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும். அவசரமென்றால் கடைகளில் ‘ஆன்ட்டி குளோரின்’ என்று கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் சொட்டு மருந்து சில நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். போர் தண்ணீரில் பொதுவாகக் குளோரின் இருக்காது, ஆனால் நிலத்தடியிலிருந்து ஆக்சிஜன் குறைந்து வரும். அதையும் சில மணி நேரம் வாளியில் காற்று விட்டு வைப்பது நல்லது.

தொட்டியும் இடமும்

24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். கணக்குப்படி 70 லிட்டர். மண்ணும் மேல் இடைவெளியும் போக 50 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் சின்னத் தொட்டி சுலபம் என்று நினைத்து ஓரடித் தொட்டி வாங்குகிறார்கள். உண்மையில் அதுதான் கடினம். தண்ணீர் குறைவு என்றால் எந்தத் தவறும் வேகமாகப் பெரிதாகும், வெப்பமும் அப்படித்தான். கண்ணாடி 6 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது.

எல்லாம் சேர்ந்தால் எடை 90 கிலோவை நெருங்கும். ஷோகேஸ் பலகை தாங்காது. இரும்பு ஸ்டாண்டோ கனமான மரமேசையோ வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை இரவல் வாங்குங்கள். மேசைக்கும் தொட்டிக்கும் நடுவில் அரை அங்குலத் தெர்மாகோல். மட்டம் தவறினாலோ அடியில் ஒரு சின்னக் கல் கிடந்தாலோ கண்ணாடி ஒருநாள் விரிசல் விடும்.

ஜன்னலோரம் வேண்டாம். நேர்வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலே பாசி கட்டும், தண்ணீரும் சூடாகும். பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும், வழிகிற சொட்டு அந்த வளைவிலிருந்து தரையில் விழும். வாங்கி வந்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சமதளத்தில் ஒரு நாள் முழுக்க வைத்துக் கசிவு பார்த்த பிறகே உள்ளே மண் போடுங்கள்.

மண் போடும் வேலை

அவசரப்படவே கூடாத இடம் இது. செடித் தொட்டிக்கென்றே விற்கும் அக்வா சாயில் நல்ல பொருள்தான். விலை அதிகம், ஓரிரு ஆண்டில் சத்தும் குறையும். நான் பின்பற்றுவது டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் பரவலாக்கிய முறை. அடியில் சாதாரணத் தோட்ட மண், அதன்மேல் மணல் மூடி. மண்ணில் இருக்கும் கரிமப் பொருள் மெதுவாகச் சிதைந்து செடிக்குக் கார்பன் டைஆக்சைடும் சத்தும் தருகிறது. சிலிண்டர் இல்லாமல் செடி வளர்வதன் ரகசியம் இதுதான்.

தொட்டிக்கு 5 லிட்டர் மண் போதும், ஓரங்குலக் கனம் வரும். செம்மண்ணும் ஏரி வண்டலும் பாதிப் பாதி கலந்தால் அருமை. செம்மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. உரம் போட்ட மண், மண்புழு உரம், சாண எரு கலந்த நர்சரி மண் எதுவும் வேண்டாம். அவை தண்ணீருக்குள் அமோனியாவைக் கொட்டும். சலித்த மண்ணை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். மிதக்கும் சருகு, வேர்த்துண்டுகளை வடித்து எறியுங்கள். அப்புறம் தட்டில் பரப்பி வெயிலில் காய வையுங்கள். மறுபடி நனைத்து மறுபடி காய வையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் எளிதில் அழுகக்கூடியவை பெரும்பாலும் போய்விடும். கத்திரி வெயிலில் ஒரு சுற்று ஒரே நாளில் முடியும்.

மேலே ஒன்றரை அங்குல மணல், கிட்டத்தட்ட 7 லிட்டர். ஆற்று மணல்தான் சரி. குருணை அரிசி அளவு உருண்டை மணிகளாகச் சலித்து எடுங்கள். எம்-சாண்ட் என்பது பாறையை உடைத்த தூள், ஓரம் கூராக இருக்கும், அடியில் மேயும் மீனின் மீசையை அறுத்துவிடும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு. எந்த மணலானாலும் ஒரு கைப்பிடி எடுத்து அதில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம், ஏற்கெனவே கடினமான நம் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். அரிசி களைவதுபோல் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். எனக்குப் பத்துத் தடவை ஆனது.

மண்ணைப் பரப்பும்போது முன்கண்ணாடியை ஒட்டி ஓரங்குல இடம் விட்டு அங்கே மணலை மட்டும் போடுங்கள். வெளியிலிருந்து மண் அடுக்கு தெரியாது, பார்க்க அழகாக இருக்கும். பின்பக்கம் சற்று உயரமாக, முன்பக்கம் தாழ்வாகச் சரித்தால் தொட்டிக்கு ஆழம் கூடியதுபோல் தோன்றும்.

கருங்கல் துண்டுகளை அலசிப் பயன்படுத்தலாம். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கூடாது. கடையில் கிடைக்கும் டிரிஃப்ட் வுட் என்ற மரக்கட்டையைப் பெரிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, மூழ்கும்வரை ஊறவையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அதில் கெடுதல் இல்லை, ஆனால் பழுப்பு பிடிக்காது என்றால் இரண்டு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப் போடுங்கள்.

ஃபில்டர், விளக்கு

50 லிட்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் தாராளம். பஞ்சுதான் நல்ல பாக்டீரியாவின் வீடு. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், டியூபின் நடுவில் ஒரு செக் வால்வும் போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். மின்வெட்டு அதிகமுள்ள இடமென்றால் பம்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள், அது இழுப்பது சில வாட் மட்டுமே.

வெள்ளை எல்.இ.டி. விளக்கு, 6500 கெல்வின், மொத்தம் 1000 முதல் 1500 லூமென். இதற்கு மேல் வெளிச்சம் வேண்டாம். வெளிச்சம் கூடினால் செடிக்குக் கார்பன் டைஆக்சைடும் கூடுதலாக வேண்டும். அது கிடைக்காதபோது மிஞ்சும் வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஜப்பானின் தகாஷி அமானோ உலகுக்குக் காட்டிய புல்வெளி போன்ற தொட்டிகள் எல்லாம் சிலிண்டர், பலமான விளக்கு, அடிக்கடி தண்ணீர் மாற்றம் ஆகியவற்றில் நிற்பவை. அந்தப் படங்களைப் பார்த்து விளக்கை மட்டும் வாங்கி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு டைமர் போடுங்கள். முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம், பிறகு 7, அதிகபட்சம் 8.

செடிகள்: நம் ஊரில் தாமாக வளர்பவை முதலில்

நம் குளம், வாய்க்கால் ஓரங்களில் வளரும் செடிகளே தொட்டிக்கும் நல்ல செடிகள். வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, ரோட்டாலா, தண்ணீர்ப் பெரணி என்று சொல்லக்கூடிய வாட்டர் ஸ்ப்ரைட் எல்லாம் இந்திய மண்ணுக்குச் சொந்தம். நாட்டு மருந்துக்குப் பறிக்கும் நீர்ப்பிரம்மிதான் கடையில் ‘பகோப்பா மொன்னியேரி’ என்று கொத்தாக விற்கப்படுவது. கிரிப்டோகொரைன் வென்டை என்ற அழகான பழுப்பிலைச் செடி இலங்கையின் ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. இவற்றுக்கு நம் வெப்பம் புதிதில்லை.

தொடக்கத்தில் செடி நிறைய வேண்டும், தொட்டியின் தரையில் முக்கால் பங்கு மறைய வேண்டும். பத்துத் தண்டு நட்டுவிட்டுப் பரவும் என்று காத்திருந்தால் அந்த வெறும் இடத்தில் பாசிதான் பரவும். நான் நடுவது இப்படி: பின்வரிசையில் வாலிஸ்னேரியா பதினைந்து, ஒரு மூலையில் ஹைக்ரோஃபிலா இரண்டு கொத்து, இன்னொரு மூலையில் நீர்ப்பிரம்மி, நடுவில் கிரிப்டோகொரைன் ஆறு, மேலே மிதக்கக் கொஞ்சம் வாட்டர் ஸ்ப்ரைட். கட்டையில் ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும். கடைசி இரண்டையும் மண்ணில் நடக் கூடாது. அவற்றின் கிடைத்தண்டு புதைந்தால் அழுகும். தையல் நூலால் கட்டையோடு கட்டுங்கள், இரண்டு மாதத்தில் வேர் பற்றிக்கொள்ளும்.

வாங்கி வந்த செடியோடு நத்தை முட்டை, பாசி, பூச்சி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி படிகாரத் தூள் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். இறுக்கிக் கட்டிய ஈயப் பட்டையையும் ரப்பரையும் கழற்றிவிடுங்கள். அடித்தண்டு அழுகுவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

நடும்போது தொட்டியில் மணலுக்கு மேல் இரண்டங்குலத் தண்ணீர் இருந்தால் போதும். நீளமான கிடுக்கியால் தண்டைப் பிடித்துச் சரிவாகக் குத்தி, நேராக்கி, மெதுவாக விடுங்கள். நடும் நேரம் முழுக்க இலைமேல் தெளிப்பானால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருங்கள், பத்து நிமிடத்தில் வாடிவிடும். எல்லாம் நட்ட பிறகு ஒரு தட்டை வைத்து அதன்மேல் சன்னமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியைக் கவிழ்த்தால் மணல் குழிந்து மண் மேலே வரும், தொட்டி காப்பி நிறமாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் மனம் கலங்கும். கிரிப்டோகொரைன் இலைகள் கண்ணாடிபோல் மெலிந்து கரையும், நீர்ப்பிரம்மியின் கீழ் இலைகள் உதிரும். நர்சரியில் காற்றில் வளர்ந்த இலைகள் தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்காது. அவை போய்த் தண்ணீருக்கேற்ற புது இலை வரும். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. பிடுங்கி எறியாதீர்கள். கரையும் இலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

காத்திருக்கும் நான்கு வாரம்

என் பன்னிரண்டு மீன்கள் செத்ததற்கான விளக்கம் இங்கே வருகிறது. மீனின் கழிவு, மிச்ச உணவு, அழுகும் இலை எல்லாம் அமோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மிகக் குறைந்த அளவில் இருந்தாலே நஞ்சு. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடியும் உறிஞ்சும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கிடையாது. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

நம் ஊர்த் தண்ணீரில் ஆபத்து இன்னும் கூடுதல். அமோனியாவின் ஒரு பகுதிதான் மீனின் செவுளுக்குள் புகுந்து கொல்லும் வடிவத்தில் இருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அந்தப் பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் ஆறரை. கிட்டத்தட்ட பத்து மடங்கு. மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் தப்பிக்கும் அதே தவறு சென்னை போர் தண்ணீரில் கொன்றுவிடுகிறது. “ஒண்ணும் ஆகாது சார், தண்ணி ஊத்தி மீனை விட்ருங்க” என்று என்னிடம் சொன்ன கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. ஃபில்டரும் விளக்கும் ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அமோனியா தரும், பாக்டீரியா அதைத் தின்று பெருகும். ஏற்கெனவே நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சை உங்கள் தொட்டிக்குள் பிழியச் சொல்லுங்கள். தண்ணீர் கலங்கும், ஆனால் காத்திருப்பு பாதியாகக் குறையக்கூடும். மண் போட்ட தொட்டியில் முதல் மாதம் மண்ணிலிருந்தும் அமோனியா வரும். வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை அமோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள். முதலில் அமோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் பூஜ்யமாகும். ஒரு வாரம் தொடர்ந்து இரண்டும் பூஜ்யம் காட்டி, செடியில் புது இலையும் வந்தால் தொட்டி தயார். சோதனைக் கிட் இல்லாமல் மீன் வாங்கப் போகாதீர்கள்.

இந்த மாதத்தில் கண்ணாடியில் பழுப்புப் படலம் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டிக்கெல்லாம் வருவது. பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்துவிடுங்கள், தானாகவே நின்றுவிடும்.

மீன்: இந்த வெப்பத்திலும் இந்தத் தண்ணீரிலும் பிறந்தவை

சென்னையில் மீன் வாங்க கொளத்தூர் இருக்கிறது. தெரு நிறைய வண்ணமீன் கடைகள். சுற்றுப்புற ஊர்களில் மீன் பண்ணைகளும் உண்டு. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது “இது இங்கேயே வளர்த்ததா, வெளியிலிருந்து வந்ததா?” என்பதுதான். இங்கேயே பண்ணையில் வளர்ந்த கப்பி, மோலி, பிளாட்டி, கௌராமி, ஃபைட்டர் எல்லாம் நம் கடினத் தண்ணீரிலேயே பிறந்தவை. நியான் டெட்ரா அழகுதான், ஆனால் அதன் ஊர் அமேசான் வடிநிலத்தின் மென்மையான நீர். 26 டிகிரிக்கு மேல் நெடுநாள் அது சுகமாக இருக்காது. ஏ.சி. இல்லாத சென்னை வீட்டில் சித்திரை மாதம் தொட்டி 31, 32 தொடும்.

50 லிட்டருக்கு என் முதல் பரிந்துரை ஆண் கப்பி எட்டு, அடியில் செர்ரி இறால். பெண் கப்பியைச் சேர்த்தால் மாதாமாதம் குட்டி போடும், ஆறு மாதத்தில் தொட்டி நிரம்பி வழியும். இரண்டாவது பரிந்துரை ஒரே ஒரு ஆண் ஃபைட்டர், கூட நத்தைகள். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் இரண்டடி நீளச் செடிக்காட்டில் தன்னிஷ்டத்துக்கு உலவும் ஃபைட்டரை ஒருமுறை பார்த்தால், அதைக் கண்ணாடிக் குவளையில் அடைக்க மனம் வராது. மேல்நீரில் காற்று குடிக்கும் உறுப்பு அதற்கு உண்டு, வெப்பமும் அதற்கு ஒத்துக்கொள்ளும். கப்பியையும் ஃபைட்டரையும் சேர்க்காதீர்கள், வாலைக் குதறிவிடும். கூட்டமாக நீந்துவதைப் பார்க்க ஆசையென்றால் ஜீப்ரா டேனியோ எட்டு வாங்கலாம். கங்கைச் சமவெளி, வங்காளப் பக்கத்து மீன், மிகவும் உறுதியானது. தொட்டிக்கு மூடி கட்டாயம், துள்ளிக் குதிக்கும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கமீன் செடியைத் தின்னும், கழிவும் மிக அதிகம். ஏஞ்சல் மீனுக்கு இந்தத் தொட்டியின் உயரம் போதாது. சில்வர் ஷார்க் ஓரடிக்கு வளரும். எல்லாவற்றையும்விட, பாசி தின்னும் என்று சொல்லித் தலையில் கட்டப்படும் ‘டேங்க் கிளீனர்’ வேண்டவே வேண்டாம். இரண்டங்குலத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும். அப்புறம் இடமில்லை என்று ஏரியில் விடுகிறார்கள். அந்தத் தென்னமெரிக்க மீன் இன்று தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி, நம் மீன்களின் உணவையும் இடத்தையும் பிடிக்கிறது. அதன் முள் துடுப்பு மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. தொட்டியில் வளர்த்த எதையும், வெட்டிய செடித் துண்டைக்கூட, ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். வளர்க்க முடியாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். செடிக் கழிவு ரோஜாத் தொட்டிக்கு நல்ல உரம்.

கடையில் மீனைப் பார்க்கும்போது அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், துடுப்பை மடக்கி மூலையில் நின்றாலும் அங்கே வாங்காதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். முதலில் நான்கு, இரண்டு வாரம் கழித்து நான்கு. புதுக் கழிவுக்கேற்பப் பாக்டீரியா பெருக அவகாசம் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்து, பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை அதில் சேருங்கள், அரை மணி நேரம் வரை. கடைசியில் மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்றைக்கு உணவு வேண்டாம். முடிந்தால் புது மீனைத் தனித் தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துச் சேருங்கள். மருந்து கொடுக்க நேர்ந்தாலும் அங்கேயே கொடுத்துவிடலாம். உப்பு செடிக்கு ஆகாது, செம்பு கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும்.

செர்ரி இறாலை மூன்றாவது மாதம்தான் விட வேண்டும். அதற்குள் இலைகளின்மேல் நுண்பாசிப் படலம் உருவாகியிருக்கும், அதுதான் இறாலின் சாப்பாடு.

வாரா வாரம்

சனிக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நான்கில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, முதல் நாளே கலந்து வைத்ததை ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு ஊற்றலாம். துளசி தழைப்பதைப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஃபில்டர் பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஒரு மாதம் காத்து வளர்த்த பாக்டீரியா செத்துவிடும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். போர் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தால் டி.டி.எஸ். வாரா வாரம் ஏறும். குறைந்ததை ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீரால் நிரப்புங்கள்.

உணவு நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கு மீனுக்குச் சாப்பாடு போட ஆசை இருக்கும், அன்றைய பங்கை மட்டும் ஒரு மூடியில் எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். சாக்கடைச் சேற்றில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை உயிரோடு வாங்கிப் போடாதீர்கள், நோயும் கூடவே வரும்.

இலையைப் பார்த்தே சத்துக் குறை சொல்லலாம். பழைய இலையில் ஊசித் துளைகள் என்றால் பொட்டாசியம் போதவில்லை. பழைய இலை முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, மீன் குறைவாக உள்ள தொட்டியில் இது நடக்கும். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. பி.எச். கூடுதலான தண்ணீரில் இரும்பு செடிக்குச் சரியாகக் கிடைக்காது. செடித் தொட்டிக்கான திரவ உரத்தை மூன்றாவது மாதத்திலிருந்து, பாட்டிலில் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒருமுறை விடுங்கள். முதல் இரண்டு மாதம் மண்ணே போதும்.

பாசி வந்தால் மருந்து தேடாதீர்கள். விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள், உணவைக் குறையுங்கள், ஹைக்ரோஃபிலா இன்னொரு கொத்து நடுங்கள். தண்ணீரே பச்சையாகிவிட்டால் மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடி, காற்று மட்டும் ஓடவிடுங்கள். மூன்றாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

சித்திரை, வைகாசி

சென்னைத் தொட்டிக்கு ஹீட்டர் தேவையே இல்லை. வேண்டியது குளிர்ச்சி. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைகிறது, 32 டிகிரியில் 7-ஐத் தாண்டிக் கொஞ்சம்தான். அதே நேரம் மீனுக்கோ ஆக்சிஜன் தேவை கூடுகிறது. காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் இதுதான். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலைதான் மோசமான நேரம். ஏர் பம்பை இரவில் நிறுத்தவே கூடாது.

ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான், ஆவியாதல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. விளக்கைப் பகலில் போடாமல் மாலை 5 முதல் 11 வரை வைத்துக்கொண்டால் விளக்கின் சூடும் வெயிலின் சூடும் ஒன்றாகச் சேராது. நீங்கள் வேலை முடிந்து வந்து பார்க்கும் நேரமும் அதுதான். ஐஸ் கட்டிகளைக் கொட்டாதீர்கள், சட்டென்று இறங்கி ஏறும் வெப்பம் மீனைச் சாய்த்துவிடும்.

தெருவோர பாதாம் மரம் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமையின் சருகு இலை ஒன்றை அலசித் தொட்டியில் போடுங்கள். புகையும் தூசியும் குறைந்த தெருவில் பொறுக்கியதாக இருக்கட்டும். அதன் துவர்ப்புச் சத்து தண்ணீரை லேசாகப் பழுப்பாக்கும். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வழக்கம் இது. இறால்கள் அந்த இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்வரை மேய்ந்துவிடும். என் தொட்டியில் இப்போது மூன்றாவது இலை கிடக்கிறது. நேற்றிரவு விளக்கு அணைவதற்குச் சற்று முன் பார்த்தபோது, அதன் ஓட்டை வழியாக அரிசி நீளம்கூட இல்லாத ஒரு இறால் குஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது.